கை விரல் போச்சு. கால் விரல் வந்தது! எந்திரங்களை மோதவிடும் அமெரிக்க ஆசாமி

1982-ம் ஆண்டு. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம். ஒரு பட்டறை.

ராக்கெட்டில் போடும் எரிபொருளை வைத்து ஒரு வாலிபர் சோதனை செய்துகொண்டு இருந்தார்.

"டமார்!"

வலது கையில் பெரும்பாலான விரல்கள் போய்விட்டன.

டாக்டர்கள் பார்த்தார்கள். போன விரலைத் தேடிப் பயன் இல்லை. அவர் காலில் இருந்து விரல்களை வெட்டி எடுத்தார்கள். கையில் வைத்துத் தைத்தார்கள். ஒட்டிக்கொண்டது!

உடம்பு தேறிய பிறகு அந்த மனுஷன் திரும்பப் போன இடம் எது தெரியுமா? மறுபடியும் பட்டறைக்குத்தான்!

அவர் பெயர் மார்க் பாலின். எந்திரங்களை வைத்து நாடகம் போடுகிறவர். அந்த நாடகத்தில் நடிகர் கிடையாது, நடிகை கிடையாது, வசனம் கிடையாது. எந்திரமும் எந்திரமும் மோதும். நெருப்பு பறக்கும். கடைசியில் மேடை முழுக்கச் சாம்பலும் சிதறிய இரும்பும்தான்.

பெட்ரோல் பங்கில் அரங்கேற்றம்

பாலின் புளோரிடா பக்கத்து ஆள். ராணுவத்தில் பயிற்சிக்குக் குறியாக விடும் ஆளில்லாத விமானங்களில் வேலை பார்த்தவர். பிறகு சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். தெருவில் இருக்கும் பெரிய விளம்பரப் பலகைகளில் ராத்திரியோடு ராத்திரியாக எழுத்தை மாற்றிவிடுவது அப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. காலையில் பார்த்தால் விளம்பரம் கம்பெனியையே கிண்டல் செய்யும்!

1978-ல் ஒரு குழு ஆரம்பித்தார். பெயர் "சர்வைவல் ரிசர்ச் லேபரட்டரீஸ்". உயிர் பிழைப்பதற்கான ஆராய்ச்சிக் கூடம் என்று அர்த்தம். பெயரைக் கேட்டால் சர்க்கார் ஆபீஸ் மாதிரி இருக்கிறது அல்லவா?

முதல் ஆட்டம் 1979 பிப்ரவரியில், ஒரு பெட்ரோல் பங்கில் நடந்தது. ஈரானில் புரட்சி நடந்து, பெட்ரோல் என்ன விலைக்குப் போகுமோ என்று அமெரிக்காவே நடுங்கிய நேரம். செத்த புறாக்களுக்கு அராபியர் மாதிரி உடுப்பு மாட்டினார். ஓடும் பெல்ட்டில் ஏற்றினார். பெல்ட் போய்ச் சேரும் இடத்தில் வெட்டும் எந்திரம்!

இது கலையா, குரூரமா? குரூரம்தான் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஒரு ஜனத்தைக் கேலி செய்கிறாரா, அவர்கள் மேல் அமெரிக்காவுக்கு இருந்த ஆத்திரத்தைக் கேலி செய்கிறாரா என்பது பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

காயலான் கடைச் சரக்கு

எந்திரங்கள் எங்கிருந்து வந்தன? மூடிப்போன ஆலைகள், பழைய கிடங்குகள், ராணுவம் கழித்துப் போட்ட சாமான்கள். நம் ஊர்ப் பேச்சில் காயலான் கடைச் சரக்கு!

ஆனால் வேலைப்பாடு சாதாரணம் அல்ல. ஒரு எந்திரம் ஆறு அடி நீள மரச்சட்டங்களை ஒன்றன் பின் ஒன்றாக எதிரே விசிறி அடிக்கும். அதற்குக் கடிலாக் கார் என்ஜின். இன்னொன்று, இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் ஜெர்மனி ஏவிய பறக்கும் குண்டில் இருந்த வகை என்ஜின். அது உறுமினால் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நாலு காலில் நடக்கும் ஒரு எந்திரத்தை ஓட்டியது யார்? ஸ்டூ என்ற ஒரு சீமைப் பெருச்சாளி! அது உள்ளே நகர்ந்தால் எந்திரமும் நகரும்.

1988-ல் நியூயார்க்கில் ஷே ஸ்டேடியத்தின் கார் நிறுத்தும் இடத்தில் பெரிய ஆட்டம் போட்டார்கள். ஆட்டத்துக்கு வைக்கும் பெயர் ஒவ்வொன்றும் ரெயில் வண்டி நீளம்.

ஒன்று மட்டும் என் மனதை உறுத்துகிறது. பாலின் விரல்களை இழந்தது தானாகத் தேடிக்கொண்ட வேலையில். ஆலையில் பிரஸ் எந்திரத்தில் விரலைக் கொடுத்த தொழிலாளி அதைக் கலைக்காகக் கொடுக்கவில்லை. அவனுக்குக் கால் விரலை வைத்துத் தைக்க எத்தனை டாக்டர் வந்தார்கள்?

சத்தமே சங்கீதம்

எந்திரத்தை மேடை ஏற்றியவர் பாலின். எந்திரச் சத்தத்தையே பாட்டாக்கியவர்கள் வேறு சிலர்.

1976-ல் லண்டனில் "திராபிங் கிரிசில்" என்ற கோஷ்டி ஒரு இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்தது. கம்பெனிக்குப் பெயரே "இண்டஸ்டிரியல்". தொழிற்சாலை ஜனங்களுக்குத் தொழிற்சாலைச் சங்கீதம் என்பது அவர்கள் கோஷம். அதே வருஷம் இவர்கள் நடத்திய கண்காட்சியைப் பார்த்துக் கொதித்த ஒரு பார்லிமெண்டு மெம்பர், "நாகரிகத்தை நாசம் செய்கிறவர்கள்" என்றார். அதுவே அவர்களுக்கு விளம்பரமாகப் போயிற்று!

1980-ல் மேற்கு பெர்லினில் இன்னொரு கோஷ்டி கிளம்பியது. பெயர் "ஐன்ஷ்டூர்செண்டே நாய்பவ்டன்". வாயில் நுழையாது. "இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்" என்று பொருள். அந்த வருஷம் மே மாதம் பெர்லின் மாநாட்டு மண்டபத்தின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்தது! கோஷ்டியின் டிரம்ஸ்காரர் கையில் காசு இல்லாமல் டிரம்ஸை விற்றவர். தகரம், இரும்புக் குழாய் என்று கிடைத்ததை எல்லாம் தட்ட ஆரம்பித்தார்.

1984 ஜனவரி 3-ந்தேதி லண்டனில் இவர்கள் ஆட்களில் சிலர் ஒரு கச்சேரி நடத்தினார்கள். பக்க வாத்தியம் என்ன? சிமெண்டு கலக்கும் எந்திரம், மரம் அறுக்கும் ரம்பம், ரோடு உடைக்கும் டிரில்! வாசித்துக்கொண்டே மேடையை ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஜனங்களும் மேலே ஏறிக் கருவிகளைப் பிடுங்கினார்கள். சுமார் 20 நிமிடத்தில் மண்டபத்துக்காரர்கள் கச்சேரியை நிறுத்திவிட்டார்கள்.

வேடிக்கை கேளுங்கள். 2007-ல் அதே மண்டபத்தில் அதே கச்சேரியை மறுபடி "நாடகமாக" நடத்திக் காட்டினார்கள். கலாட்டா உள்பட எல்லாம் ஒத்திகை பார்த்தபடி!

அந்த 1984 மார்ச்சில் இரண்டு கூட்டமும் ஓரிடத்தில் சேர்ந்தன. கலிபோர்னியா பாலைவனத்துக்கு ரசிகர்களைப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெர்லின்காரர்கள் இரும்பைத் தட்ட, பாலின் ஆட்கள் வெடி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்ய அங்கே பக்கத்து வீடே இல்லை.

சுரங்கத் தொழிலாளர்கள் பாடினார்கள்

இத்தனை இரைச்சலிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு.

லண்டனில் "டெஸ்ட் டிபார்ட்மெண்ட்" என்று ஒரு கோஷ்டி. வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய 1981-ல் ஆரம்பித்தது. பட்டறைகளும் கப்பல் துறைகளும் மூடி, இரும்பு சும்மா கிடந்தது. அதை எடுத்துத் தட்டினார்கள்.

1984 மார்ச்சில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுரங்கங்களை மூடக்கூடாது என்பது கோரிக்கை. ஒரு வருஷம் நீடித்தது. சம்பளம் இல்லை. வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

அப்போது தெற்கு வேல்ஸ் பகுதியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் பாட்டுக் குழுவும் இந்த இரும்பு தட்டும் பையன்களும் கைகோத்தார்கள். ஒரே மேடையில் ஒரு பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் கோரஸ் பாடினார்கள். இன்னொரு பக்கம் தகரமும் உருளையும் அதிர்ந்தன. "தோளோடு தோள்" என்று பொருள்படும் தலைப்பில் 1985-ல் இசைத்தட்டும் வந்தது.

வேலைநிறுத்தம் தோற்றது. 1985 மார்ச்சில் வேலைக்குத் திரும்பினார்கள். பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தட்டு மட்டும் இருக்கிறது.

பாலின் கதைக்கு வருவோம். 2008-ல் பட்டறையை சான்பிரான்சிஸ்கோவில் இருந்து பெட்டலூமா என்ற சின்ன ஊருக்கு மாற்றினார். 2018-ல் நியூயார்க்கில், ஓவியமும் சிலையும் விற்கும் பெரிய கூடம் ஒன்று அவர் எந்திரங்களைக் கண்காட்சியாக வைத்தது. பெட்ரோல் பங்கில் இருந்து அங்கே போய்ச் சேர 39 வருஷம் பிடித்தது.