திரையில் அடிமைகளின் எழுச்சி: தீவில் கண்டதும் வயலில் காணாததும்

அடிமை என்றதும் நம் மனக்கண்ணில் விலங்கிட்ட ஆப்பிரிக்கரும் அட்லாண்டிக் கடலும் தோன்றுகின்றனர். காவிரிப் படுகையின் வயல்கள் தோன்றுவதில்லை. இதற்குத் திரைப்படங்களும் ஒரு காரணம் எனலாம்.

1965இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' தமிழில் அடிமைகளின் எழுச்சியைக் காட்டிய புகழ்பெற்ற படம். 1935இல் வெளிவந்த 'கேப்டன் பிளட்' என்னும் ஹாலிவுட் படத்தின் தழுவல் அது. மூலப்படத்தின் களம் ஜமைக்கா. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற அடிமைகளுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். படத்தில் கிளர்ந்தெழுவோரோ வெள்ளையர். தமிழ்ப் படம் கதையைக் கற்பனைத் தீவொன்றிற்கு மாற்றியது. காலனிய வரலாறு மறைந்தது. கொடுங்கோலனும் வீரனும் எஞ்சினர்.

ஆனால் அவ்வரலாறு நம் வாயிலிலேயே நிகழ்ந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிய பின்னரும், கடனும் சாதியும் பண்ணையாளை நிலத்தோடு பிணைத்தே வைத்திருந்தன. சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனைகளாயின. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதனைக் களமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைத் தழுவி, 1983இல் ஸ்ரீதர்ராஜன் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படத்தை இயக்கினார். மணிமாறனை அறிந்தோருள் இப்படத்தை அறிந்தோர் எத்தனை பேர்?

தொலைவிலுள்ள கொடுமை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அருகிலுள்ளது கணக்குக் கேட்கிறது. இத்தாலிய ஆதிக்கத்தை எதிர்த்த உமர் முக்தாரை முஸ்தஃபா அக்காதின் 1981ஆம் ஆண்டுப் படத்தில் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் கி.பி. 869இல் பஸ்ராவின் உவர்நிலங்களில் கிளர்ந்து பதினான்கு ஆண்டுகள் போரிட்ட ஸன்ஜ் அடிமைகளை நம்முள் எத்தனை பேர் நினைவுகூர்கிறோம்? வரலாற்றாசிரியர் தபரீ அவர்களும் அதன் தலைவனைப் பகைவனாகவே வரைந்தார்கள். யாருடைய பக்கம் நின்று பார்ப்பது என்னும் சிக்கல் ஏட்டுக்கும் உண்டு, திரைக்கும் உண்டு.

அடிமையை விடுவிப்பதைக் கடினமான மலைப்பாதையைக் கடப்பதாக அல்பலது அத்தியாயம் உணர்த்துகிறது. படுகையின் நெல்லை உண்டு வளர்ந்த நமக்கு அப்பாதை கடல்கடந்து தொடங்குவதன்று. அந்நெல்லை விளைவித்தவரின் வரலாற்றை அறிவதில் தொடங்குகிறது.