தடைக்காலமும் கல்லூரிச் சேர்க்கையும்

காரைக்காலை அடுத்த கருக்களாச்சேரி கடலோரச் சிற்றூர்; மீன்பிடித்தலே அங்குப் பெருந்தொழில். மீனினம் பெருகும்பொருட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவருவதும் இடைப்பட்ட மே மாதத்தில்தான். வருவாய் நின்ற வேளையில் விண்ணப்பம், சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம் என்று செலவுகள் அணிவகுக்கின்றன. அந்நாள்களில் தாய்மார்தம் நகைகள் அடகுக்கடை சேர்வதை நாம் அறியாதவரல்லர்.

இதற்கு அஞ்சலகத் தொடர் வைப்பு (வழக்கில் ஆர்.டி.) ஏற்றதொரு வழி. அதன் காலம் 60 மாதங்கள். பிள்ளை ஏழாம் வகுப்பை முடிக்கும் மார்ச்சில் தொடங்கினால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதும் மார்ச்சில், அதாவது தடைக்காலத்திற்கு முன்பே, முதிர்வடையும். திங்கள்தோறும் 1,000 ரூபாய் செலுத்தின், வட்டியை விலக்குவோர்க்கும் அசலாகவே 60,000 ரூபாய் கைசேரும்.

கடலுக்குச் செல்லாத மாதங்களில் தவணைக்கு எங்கே போவது என்பீர்கள். முன்கூட்டிச் செலுத்த அஞ்சலகம் இடமளிக்கிறது; ஜூன் வரைக்குமான தவணைகளை மார்ச்சிலேயே கட்டிவிடலாம்.

காரைக்காலிலேயே அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரியும் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியும் உள்ளன. அங்குப் பயில்வோர் வீட்டிலிருந்தே சென்றுவரலாம். வெளியூர் அனுப்ப எண்ணுவோர் கட்டணத்திற்கு முன்னதாக விடுதிச் செலவையே கணக்கிடுக.