பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஒரு சினிமா இசை நிகழ்ச்சி. கடைசிப் பாட்டு முடியாமல் கிளம்பக் கூடாது என்று அடம்பிடித்தது நான்தான். வெளியே வந்தபோது மணி பத்தேகால். அண்ணா சாலையில் கால் வைக்க இடமில்லை. வாடகைக் கார் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கட்டணம் ஏறியிருந்தது, போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். தண்டையார்பேட்டைக்கு ஆட்டோ கேட்டேன். "எழுநூறு ரூபா, ஏறுங்கக்கா" என்றார் ஒருவர். மெட்ரோ நிலையம் பக்கத்தில்தான். ஆனால் அதன் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் பேசாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

வீடு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2013-ல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். 12 கி.மீ. தூரம் என்றால் 147 ரூபாய் சொச்சம். இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு வாங்கலாம். அப்படியும் 221 ரூபாய்தான். பெட்ரோல் விலை எங்கேயோ போய்விட்டது, அந்த மீட்டருக்கு ஓட்டினால் கட்டாது என்று ஓட்டுநர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வர மறுக்கும் ஆட்டோவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 178-ஆம் பிரிவில் அபராதம் உண்டு. எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 50 ரூபாய். மைதானத்துக்குள் நான் வாங்கிய பாப்கார்ன் அதைவிட விலை அதிகம். ஆகவே நடுராத்திரியில் சட்டம் பேசிப் பயனில்லை. வண்டி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் போக்குவரத்துப் போலீசிலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ புகார் கொடுப்பதுதான் நடைமுறை.

செயலி வண்டிகளுக்கு, நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் பலன்.

சிக்கலின் வேர் இரண்டு கடிகாரங்களில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். வழக்கமான நாட்களில் மெட்ரோவின் கடைசி ரயில் முனையத்திலிருந்து கிளம்புவது 11 மணிக்கு. பத்துக்குப் பாட்டு நின்றால், மொத்தக் கூட்டமும் வீடு திரும்ப இருப்பது அந்த ஒரு மணி நேரம். கிரிக்கெட்டுக்கு இதைச் சரிசெய்திருக்கிறார்கள். 2023 முதல் சேப்பாக்கம் ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோவில் போய் வர முடிந்தது. இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது, மெட்ரோ பயணமும் சேர்த்தியா, கடைசி ரயிலை நீட்டித்திருக்கிறார்களா என்று கேட்பது நம் வேலை.

மெட்ரோவே இல்லாத இடம் என்றால்? 2023 செப்டம்பர் 10, பனையூர். ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரயிலும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூர் போகும் இணைப்புச் சாலையை விட்டால் பழைய மாமல்லபுரம் சாலைக்குத் திரும்ப அந்தப் பக்கம் வேறு நல்ல வழியும் கிடையாது. முதலமைச்சரின் வாகனங்களே நெரிசலில் சிக்கின. கையில் டிக்கெட்டோடு வந்தவர்கள் வாசலைக்கூட எட்டாமல் திரும்பினார்கள். பிறகு, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். நகலை வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாலையில் நெரிசல் என்பதற்காக மட்டும் அமைப்பாளரிடம் பணம் கேட்டால் நிற்காது. இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றது, 'பார்க்கிங் உண்டு' என்று காசு வாங்கிவிட்டு இடம் தராதது, அறிவித்த பேருந்து வராதது, இவை சேவைக் குறைபாடு. டிக்கெட்டில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. முதலில் அமைப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நிகழ்ச்சி எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டிக்கெட், வங்கிக் குறுஞ்செய்தி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பூட்டிய வாசலின் படம் எல்லாவற்றையும் அன்றைக்கே யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் இருக்கும்.

வீடு திரும்பும் கவலை சினிமா இசைக்கு மட்டும் இல்லை. மார்கழி சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஏசுவது வழக்கம். பாதிப் பேர் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள் என்பது என் கட்சி.

இனி, திரும்பும் வழியில் பாதுகாப்பு. குடித்துவிட்டு வண்டி எடுப்பவர்களுக்கு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். திரும்பும் வழியில் விபத்து நேர்ந்தால் முன்பணத்துக்கு அலைய வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு அரசே பணம் கொடுக்கிறது. பெண்கள் தனியாகத் திரும்பும்போது ஏதாவது சரியில்லை என்று தோன்றினாலே 112 அல்லது 181-ஐ அழைக்கலாம். ஏதாவது நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை அதே மைதானத்துக்குப் போனபோது மெட்ரோவில் செல்லும் சிங்காரச் சென்னை அட்டையில் முன்பே பணம் போட்டுக்கொண்டேன். முடிந்ததும் நந்தனம் நிலையத்தை விட்டுவிட்டு எதிர்த்திசையில் சைதாப்பேட்டை வரை நடந்தேன், இருபது நிமிடம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் போகும் ரயில் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தம் நந்தனம். கதவு திறந்ததும் மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்ந்தது. குழந்தையைத் தோளில் தூக்கி வந்த ஒரு அம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.