ஆற்றிடம் மன்னிப்புக் கேட்கும் பௌர்ணமி



2024 நவம்பரில் நான் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? "என்னடி, ஜுரமா?" என்று எல்லாரும் கேட்டீர்கள். ஜுரமெல்லாம் இல்லை. பாங்காக்கில் வேலை பார்க்கும் எங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் நான் பார்த்த ஒரு திருவிழாவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அதன் பெயர் லோய் கிரத்தோங். தாய்லாந்து மொழியில் 'லோய்' என்றால் மிதக்க விடுவது. 'கிரத்தோங்' என்றால் இலையில் செய்த சின்னப் பாத்திரம். நம்ம ஊர் தொன்னை இருக்கிறதே, அதேதான்! தாய்லாந்து சந்திர நாட்காட்டியில் 12ஆம் மாதப் பௌர்ணமி அன்று இந்தத் தொன்னையில் விளக்கேற்றி ஆற்றில் விடுவார்கள். மழைக்காலம் முடிந்து ஆறுகள் கரை தொட்டு ஓடும் நேரம் அது. அந்த வருடம் நவம்பர் 15, வெள்ளிக்கிழமை வந்தது. இவ்வளவு பெரிய திருவிழாவுக்கு அரசு விடுமுறை கிடையாதாம்! பகலில் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. கொண்டாட்டம் சாயங்காலம்தான். ஆனால் பள்ளிகளில் அன்றைக்குக் கிரத்தோங் செய்யச் சொல்லித் தருவார்கள் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஏன் மிதக்க விடுகிறார்கள்? பல காரணம் சொல்கிறார்கள். நர்மதை நதிக்கரையில் இருக்கும் புத்தரின் பாதச்சுவட்டுக்கு வணக்கம் செலுத்தத்தான் என்பது ஒன்று. சுகோதாய் நாட்டில் நோப்பமாஸ் என்ற பெண் தாமரை வடிவத்தில் முதல் கிரத்தோங்கைச் செய்தாள் என்று ஒரு கதையும் உண்டு. அந்தக் கதை வரும் புத்தகம் ரொம்பப் பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பது வரலாற்று ஆய்வாளர்கள் கருத்து. ஆனாலும் இன்றைக்கும் ஊருக்கு ஊர் நோப்பமாஸ் அழகிப் போட்டி நடக்கிறது. கதையை யார் விடுவார்கள்!

எனக்குப் பிடித்த காரணம் வேறு. தண்ணீருக்கு ஒரு தாய் இருக்கிறாள். அவள் பெயர் 'மே கோங்கா'. 'மே' என்றால் அம்மா, 'கோங்கா' என்றால் நம் கங்கைதான்! வருடம் முழுக்க உன் தண்ணீரைக் குடித்தோம், குளித்தோம், அழுக்காக்கினோம், எங்களை மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்கும் நாள் இது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மத்தியானம் கடைத்தெருவில் மீன் மாதிரி, ஆமை மாதிரி கலர் கலராகக் கிரத்தோங் விற்றார்கள். தொட்டுப் பார்த்தால் எல்லாம் ரொட்டி! தெர்மாகோலில் செய்தால் மக்காது, அதனால் ரொட்டியில் செய்கிறோம், மீன் தின்றுவிடும் என்றார்கள். நல்ல யோசனை என்று நான் ஒரு ஆமையை வாங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுத் தாய்லாந்து அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதைச் சித்தி தமிழில் சொன்னார். ஒரு மீன் எவ்வளவு ரொட்டி தின்னும்? ஆயிரக்கணக்கில் ரொட்டி விழுந்தால் மிச்சம் ஊறி அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகும். ஓடுகிற ஆற்றில் பரவாயில்லை, பூங்காவில் இருக்கிற குளத்தில் விட்டால் மீனே செத்து மிதக்கும். மீனுக்குச் சோறு போடப்போய் மீனையே கொல்லவா? என் ஆமை அலமாரிக்குப் போய்விட்டது.

அந்த அம்மாவே எங்களுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தார். வாழை மரத்தை இரண்டு விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்க வேண்டும். அதுதான் மிதக்கும் அடிப்பாகம். வாழையிலையைப் பட்டையாகக் கிழித்து, கூம்பு கூம்பாக மடித்து, சுற்றிலும் செருக வேண்டும். எழுதும்போது சுலபமாக இருக்கிறது! எனக்கு முதல் ஐந்து இலை கிழிந்தே போனது. கூம்பு பிரியாமல் இருக்கக் குண்டூசி குத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டார். இரும்பு கூடாது, மூங்கில் குச்சிதான் குத்த வேண்டும். நடுவில் செண்டுமல்லி, வாடாமல்லி, மூன்று ஊதுபத்தி, ஒரு மெழுகுவர்த்தி. கடைசியில் ஒரு நாணயம். சிலர் கெட்டது எல்லாம் தொலையட்டும் என்று நகத்துண்டும் தலைமுடியும் வைப்பார்கள்.

இதைப் போனில் பாட்டியிடம் சொன்னேன். "ஆத்துல நகத்தையும் போட்டுட்டு மன்னிப்பு வேற கேப்பாங்களாக்கும்?" என்றார். பாட்டி கேட்டது விளையாட்டில்லை. பாங்காக் மாநகராட்சி ஒவ்வொரு வருடமும் நீர்நிலைகளிலிருந்து கிரத்தோங்குகளை எடுத்து எண்ணுகிறது. 2023ல் 6 லட்சத்து 39 ஆயிரத்துக்கும் மேல். நான் பார்த்த 2024ல் 5 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேல். அதில் 100க்கு 98 இயற்கைப் பொருளில் செய்தவை, மீதிதான் தெர்மாகோல். மீதி என்றாலும் எண்ணிப் பாருங்கள், எட்டாயிரத்தைத் தாண்டும்! அதனால்தான் குடும்பத்துக்கு ஒரே ஒரு கிரத்தோங் விடுங்கள் என்று மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. நாங்கள் ஐந்து பேர். தம்பி, தனக்குத் தனியாக வேண்டும் என்று ஒரே அழுகை. சித்தப்பா கடைசிவரை அசையவில்லை.

ராத்திரி ராமா 8 பாலத்துக்குக் கீழே இருக்கும் பூங்காவுக்குப் போனோம். அப்பப்பா, என்ன கூட்டம்! 1955ல் எழுதப்பட்ட லோய் கிரத்தோங் பாட்டு ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடியது. ஊருக்குத் திரும்பின பிறகும் அது என் காதை விடவில்லை. சாவ்பிரயா ஆறு நிலா வெளிச்சத்தில் அகலமாகக் கிடந்தது. எல்லோரும் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிரத்தோங்கை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடினார்கள். அத்தனை சத்தத்திலும் அந்த ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நாங்களும் ஐந்து கையால் பிடித்து மெதுவாக விட்டோம். கொஞ்ச தூரம் போனது. ஒரு படகு கடந்ததும் அலை அடித்துத் திரும்பக் கரைக்கே வந்தது. தம்பி தண்ணீரைத் தள்ளித் தள்ளி அனுப்பி வைத்தான். மெழுகுவர்த்தி அணைந்து போனது வேறு விஷயம்.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடையாது. தாக் என்ற ஊரில் கொட்டாங்குச்சியில் திரி வைத்து, பிங் ஆற்றில் ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள். ஆறு முழுக்க விளக்குச் சரம் மாதிரி இருக்குமாம். சியாங் மாயில் அதே சமயத்தில் யீ பெங் விழா. அங்கே காகித விளக்குகளை வானத்தில் பறக்க விடுவதால் விமானங்களையே ரத்து செய்யவோ நேரம் மாற்றவோ வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மறுநாள் காலை சித்தப்பாவோடு மறுபடியும் ஆற்றுக்குப் போனேன். இரவோடு இரவாகவே பெரும்பாலானதை அள்ளிவிட்டார்கள். கரையோரம் ஒரு படகில் இரண்டு பேர் நீளக் கம்பு வலையால் மிச்சத்தை வாரிக்கொண்டிருந்தார்கள். வாழையும் பூவும் உரம் தயாரிக்கப் போகும், தெர்மாகோல் குப்பைக்குப் போகும், இரண்டையும் கையால்தான் பிரிக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். குண்டூசிக்கு ஏன் கையைத் தட்டிவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. எங்களுடையது அதில் இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். நனைந்து போனால் எல்லாக் கிரத்தோங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.