எட்டுக் கிழமையும் ஒரு கேள்வியும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ராகலை பஸாரில் சிறுகடை வைத்திருப்பவரின் மகள். மருத்துவ பீடத்தில் நான்காம் வருடம் படிக்கிறாள். சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

"சேர், விருப்பத் தெரிவுக்கெண்டு எட்டுக் கிழமை ஈக்கி. வார்ட்டிலயும் நிக்கலாம், ஆராய்ச்சியும் செய்யலாம். வாப்பா செல்றாரு, கத்தி பிடிக்கப் போற புள்ளைக்குக் கடதாசி வேல எதுக்கெண்டு."

வாப்பாவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எட்டுக் கிழமை என்றால் இரண்டு மாத போர்டிங் செலவு. நான் தமிழ் படித்தவன், மருத்துவன் அல்லன். ஆனாலும் வாசித்தும் விசாரித்தும் அறிந்ததை, இதே கேள்வி எழும் மற்ற வீடுகளுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1915இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவப் பள்ளிக்கு ஜே மெக்லீன் என்ற இளைஞர் வந்தார். அவருக்கும் சத்திரசிகிச்சை மீதுதான் நாட்டம். அதற்கு முன் ஓர் ஆண்டு ஆய்வுகூடத்தில் இருக்க விரும்பினார். பேராசிரியர் வில்லியம் ஹோவெல் அவருக்குக் கொடுத்தது, இரத்தத்தை உறையச் செய்யும் பொருளை ஆராயும் சிறு வேலை. இதயத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் எடுத்த சாறுகளைப் பல நாள் வைத்துச் சோதித்தபோது, அவை இரத்தத்தை உறைய விடாமல் தடுப்பதைக் கண்டார். தேடியது ஒன்று, கிடைத்தது அதற்கு நேர்மாறு. 1916இல் அது அச்சேறியது. ஹோவெலின் கூடத்தில் தொடர்ந்த ஆய்விலிருந்து 'ஹெபரின்' பிறந்தது. இன்று நாம் பாவிக்கும் ஹெபரின் மெக்லீன் கண்ட அதே பொருள் அல்ல, பெருமை யாருக்கு என்ற விவாதமும் நெடுநாள் நடந்தது. ஆனால் அந்த மருந்து இல்லாமல் இதயத்தைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை வளர்ந்திருக்காது.

எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. எட்டுக் கிழமையில் ஒரு மாணவி செய்யக்கூடியது சிறிய வேலைதான். ஒரு கேள்வியைத் தெரிவு செய்வது, முன்பு எழுதப்பட்டவற்றை வாசிப்பது, நோயாளர் பதிவேடுகளைப் பெயர் நீக்கிப் பார்ப்பது, கணக்கிடுவது, எழுதுவது. இதில் பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி கிடைக்கும் முன் ஒரு பதிவேட்டையும் தொடக்கூடாது. அந்த அனுமதிக்கே மாதங்கள் செல்லலாம். ஆகவே மேற்பார்வையாளரை முன்கூட்டியே தேடிக்கொள்ள வேண்டும். பெரிய பெயர் உள்ளவரை விட, கிழமைக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து பேச நேரமுள்ளவரே நல்லவர்.

இதனால் பதவி கிடைக்குமா? நம் நாட்டில் நிபுணத்துவப் பயிற்சிக்குப் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகளைத் தாண்டியே ஆகவேண்டும். ஆய்வு அதற்குப் பதிலாகாது. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு அனுமதிப் பத்திரப் பரீட்சையின் முதற்படிக்கு 2022 ஜனவரி முதல் புள்ளி இல்லை, சித்தியா இல்லையா என்பது மட்டுமே. அதனால் போட்டி மிகுந்த சத்திரசிகிச்சைத் துறைகளில் ஆய்வுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. ஆனால் பலனைப் பரீட்சையால் மட்டும் அளக்கலாமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கென்றே ஒதுக்கி, கருவிகளைப் படமாகவும் வரைந்து வைத்தார். யாழ்ப்பாணத்தில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, சத்திரசிகிச்சை நூலை 'இரணவைத்தியம்' என்று தமிழில் தந்தார். கை செய்ததைக் கடதாசியில் வைத்ததால்தான் அடுத்த தலைமுறைக்கு அது கிடைத்தது.

"சரி மகள், கேள்வி என்ன?" என்று கேட்டேன்.

"வாய்ப் புற்றுநோய் சேர். தோட்டத்து ஆக்கள் வாயில புண்ணக் கண்டு எத்தின மாசத்துக்குப் பொறகு கிளினிக்குக்கு வாராங்க? ஏன் சுணங்குது?"

நல்ல கேள்வி. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். புகையிலை சேராத வெற்றிலைக் கூறும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் கூறியது. பாக்கே போதும். நேரத்தோடு வந்தால் சிறிய வெட்டு, சுணங்கினால் தாடை எலும்பே போகும். சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தி எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அந்தச் சில மாதங்களே தீர்மானிக்கின்றன.

மறுநாள் கடைக்குப் போய் வாப்பாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். அவர் தலைக்கு மேலே வெற்றிலைக் கூறுகள் தொங்கின. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப சேர், எங்கட யாவாரத்தப் பத்தித்தான் ஆராய்ச்சியா?"

"உங்கட வாடிக்கைக்காரங்களப் பத்தி" என்றேன்.

போர்டிங் காசு தருவதாகச் சொல்லிவிட்டார். கூறுகள் இன்னும் தொங்குகின்றன, அதுவும் வீட்டுச் செலவுக்கான காசுதானே. மகளின் முன்மொழிவு ஒழுக்கவியல் குழுவுக்குப் போயிருக்கிறது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், "எப்ப முடியும்?" என்பதோடு "என்ன கேள்வி தேடுறீங்க?" என்றும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.