எந்தச் சபை, எத்தனை சதவீதம்?

சாயா ஆறட்டும், காரோட்டுப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். களியக்காவிளை எல்லைக்கு இப்பால், பாறசாலையை ஒட்டிய ஊர் இது. இங்கே கிறிஸ்தவர்களில் நாடார்கள் நிறைய. அண்ணன் சி.எஸ்.ஐ., மைத்துனன் ஆர்.சி. என்றிருந்தால் யாரும் வியப்பதில்லை. இவர்களுக்குள் என்ன பிரிவினை என்று வேதத்தில் தேடினால் சரியாக அகப்படாது. தாலுகா ஆபீசில் தேடுங்கள்.

முதலில் சபைகள் வந்த வழி. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடியில் தொடங்கிய லண்டன் மிஷன் வேலை மேற்கே பாறசாலை வரை பரவியது. அந்தச் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பரில் அதுவும் சி.எஸ்.ஐ.யில் கலந்துவிட்டது. கத்தோலிக்கரிலோ இரண்டு வகை. கடற்கரையில் சவேரியார் காலத்திலிருந்தே இருப்பது லத்தீன் முறை; உள்நாட்டு நாடார்கள் பிற்பாடு அதில் சேர்ந்தார்கள். 1930-இல் ஆயர் மார் இவானியோஸ் ரோமோடு இணைந்ததில் வந்தது மலங்கரை முறை. லத்தீன்காரருக்கு 1996-இல் நெய்யாற்றின்கரை மறைமாவட்டமும், மலங்கரையாருக்கு 2017-இல் பாறசாலை மறைமாவட்டமும் அமைந்தன. இரட்சணிய சேனை தனி.

இனி அரசாங்கக் கணக்கு. கேரளத்தில் கடைநிலைக்கு மேற்பட்ட அரசு வேலைகளில் லத்தீன் கத்தோலிக்கருக்கு, ஆங்கிலோ இந்தியரையும் சேர்த்து, 4 சதவீதம். இந்து நாடாருக்கு 1. 'எஸ்.ஐ.யு.சி. நாடார்' என்பவருக்கு 1. அந்த ஐக்கிய சபை 1947-லேயே மறைந்துபோனது. பெயர் பட்டியலில் மட்டும் உயிரோடிருக்கிறது. லத்தீன் சான்றிதழ் கேட்டால் குடும்பம் 1947-க்கு முன்பே லத்தீன் சபையில் இருந்ததா என்று கேட்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. மலங்கரை நாடாரும் இரட்சணிய சேனை நாடாரும் நெடுங்காலம் லத்தீன், எஸ்.ஐ.யு.சி. இரண்டுக்கும் வெளியே நின்றார்கள். 2021 பிப்ரவரியில் அரசு அவர்களையும் பிற்படுத்தப்பட்டோரில் சேர்த்தது. 102-ஆம் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற வாதத்தில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆண்டு வந்த 105-ஆம் திருத்தம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

களியக்காவிளையைத் தாண்டுங்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் கிறிஸ்தவ நாடார் பிற்படுத்தப்பட்டவர், அவ்வளவுதான். எந்தச் சபை என்ற கேள்வியே இல்லை.

அந்த எல்லையைப் போட்டதும் சபை இல்லை. 1921-இல் அயர்லாந்தைப் பிரித்தபோது கத்தோலிக்கர் எங்கே, புராட்டஸ்டண்டுகள் எங்கே என்று பார்த்துக் கோடு கிழித்தார்கள். இங்கே வழக்கு மொழியை வைத்து நடந்தது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் நேசமணி சீர்திருத்தச் சபைக்காரர், தாணுலிங்க நாடார் இந்து, அப்துல் ரசாக் முஸ்லிம். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் குண்டு பாய்ந்தபோது சபை பார்த்துப் பாயவில்லை. அவர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வரை தமிழகத்துக்குப் போயிற்று.

ஆகவே இந்தப் பக்கம் கத்தோலிக்கர் எத்தனை, சி.எஸ்.ஐ. எத்தனை என்று எவராவது எண்ணிக்கை நீட்டினால், எந்தச் சான்றிதழுக்காக எண்ணியது என்று முதலில் கேளுங்கள். சபைகள் தங்கள் தலைக்கட்டை இவ்வளவு கவனமாக எண்ணுவதற்குப் பக்தி ஒரு காரணம். பிள்ளையின் வேலை இன்னொன்று.