கியரைக் கழற்றியாச்சு... எந்தச் செயின் போடுவது?

தைப்பிங் ஏரிப் பூங்காவைச் சுற்றிவர ஒற்றை கியர் சைக்கிளே போதும். ஆனால், மாற்றும்போது செயின் பொருந்தாவிட்டால், பெடலை அழுத்தும் நேரத்தில் நழுவி உங்களைக் கீழே தள்ளிவிடும்.

எந்த அளவு?
சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். வேறுபடுவது உள் அகலம்தான். 5 முதல் 8 கியர் வரையிலான செயின் 3/32 அங்குலம். ஒற்றை கியர் செயின் பெரும்பாலும் 1/8 அங்குலம்.

எதை வாங்குறது?
முதலில் பல்சக்கரங்களைப் பாருங்க. முன், பின் இரண்டில் ஒன்று 1/8 என்றாலும் 1/8 செயின்தான் வேண்டும். இரண்டுமே 3/32 என்றால் எதுவும் ஓடும்.

பழைய செயினே போதுமா?
அளந்து பாருங்க. 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கணும். 12 1/8 அங்குலத்தைத் தொட்டுவிட்டால் தேய்ந்துபோச்சு. அதைப் போட்டால் புதுப் பல்சக்கரமும் சேர்ந்து தேயும்.

இழுவை?
செயினின் நடுவில் விரலால் அசைத்தால், மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடணும். சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்க முடியாத சட்டத்துக்கு, செயின் இறுக்கி தேவை.

தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமில்லை. அதனால் துருப்பிடிக்காத பூச்சுள்ள செயினே நல்லது. நனைந்து வந்தால் துடைச்சு, எண்ணெய் விடுங்க.